பாட்டி உடனிருக்கும் வீட்டில் ஃபாஃப்சா: ஒரு நிகழ்வு ஆய்வு

நியூ ஜெர்சியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம். பல வீடுகளில் காணும் நிலைமைகளைச் சேர்த்து அமைத்த மாதிரி இது. குறிப்பிட்ட யாருடைய கதையும் அல்ல. அப்பாவின் ஆண்டுச் சம்பளம் 71,000 டாலர். அம்மா பள்ளியொன்றில் பகுதிநேர உதவியாளராக 21,000 ஈட்டினார். மகள் 2026 இலையுதிர் பருவத்தில் கல்லூரி சேர்கிறாள், மகன் இன்னும் பள்ளியில். அப்பாவின் தாய்க்கு 74 வயது. 2022 மார்ச்சில் கிரீன் கார்டுடன் வந்து அவர்களுடனேயே இருக்கிறார். திருச்சியில் ஒரு வங்கியில் அவருக்கு 35 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை உண்டு. அதிலிருந்து ஆண்டுக்கு இரண்டரை லட்சம் ரூபாய், அதாவது 3,000 டாலர் அளவுக்கு வட்டி வருகிறது. 2025 பிப்ரவரியில் பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது.

மகள் நிரப்ப வேண்டியது 2026-27 கல்வியாண்டுக்கான ஃபாஃப்சா. கூட்டரசின் மாணவர் உதவிக்கான இலவச விண்ணப்பம் அது. வீட்டார் மனத்தில் இருந்த கேள்வி ஒன்றுதான்: பாட்டிக்குச் செய்யும் செலவைப் படிவத்தில் எங்கே எழுதுவது? எங்கும் எழுத முடியாது. மருந்து, ஆயா, சக்கர நாற்காலி எதற்கும் அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. படிவத்துக்குள் பாட்டி நுழைவது குடும்ப எண்ணிக்கையில் ஒன்றாக மட்டுமே. அதனால் முதல் வேலை அந்த ஒன்றைச் சரியாக நிறுவுவது.

நான்கா, ஐந்தா?

உடன் வாழும் உறவினரைக் குடும்ப எண்ணிக்கையில் சேர்க்க இரண்டு நிபந்தனைகள். அவர் மாணவியின் பெற்றோருடன் ஒரே வீட்டில் வாழ வேண்டும். அவருடைய வாழ்க்கைச் செலவில் பாதிக்கு மேல் பெற்றோர் ஏற்க வேண்டும், அது கல்வியாண்டு முடியும் 2027 ஜூன் 30 வரை தொடரும் என்றும் இருக்க வேண்டும். 2024-25 முதல் நடப்புக்கு வந்த புதிய முறையில் இந்த எண் வருமான வரிக்கணக்கிலிருந்து தானாக வந்து உட்காருகிறது. வரிக்கணக்கில் பாட்டியைச் சார்ந்திருப்பவராகக் காட்டியிருந்தால் ஐந்து, இல்லாவிட்டால் நான்கு. திருத்த வழி உண்டு. ஆனால் திருத்திய எண் சரிபார்ப்பில் கேள்விக்கு வந்தால், யார் யார், என்ன வயது, என்ன உறவு என்று கையொப்பமிட்ட அறிக்கை கொடுக்க வேண்டியிருக்கும். வரிக்கணக்கிலேயே சரியாகக் காட்டிவிடுவது பல மடங்கு எளிது.

வரிச் சட்டம் பாட்டிக்கு வைக்கும் சோதனைகளில் நம்மவர்கள் தடுக்கி விழும் இடங்கள் மூன்று.

ஒன்று, வருமானம். 2024-க்கு அவருடைய மொத்த வருமானம் 5,050 டாலருக்குக் கீழே இருக்க வேண்டும். கிரீன் கார்டு உள்ளவருக்கு உலகம் முழுவதும் வரும் வருமானம் இங்கே கணக்கில் வரும். திருச்சி வட்டிக்கு விலக்கில்லை. 3,000 டாலர் என்பதால் இந்தப் பாட்டி தேறினார். இதுவே 60 லட்சம் ரூபாய் வைப்பாக இருந்திருந்தால் ஏறக்குறைய நான்கேகால் லட்சம் வட்டியே வரம்பைத் தொட்டிருக்கும். இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடலாம்: இந்தியக் கணக்குகளில் 10,000 டாலருக்கு மேல் இருப்பதால், வரிக்கணக்கு தாக்கல் செய்யத் தேவையில்லாத பாட்டிகூட எஃப்பார் எனும் வெளிநாட்டுக் கணக்கு அறிக்கை தர வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இது யாருக்கும் தெரிவதில்லை.

இரண்டு, பாதிக்கு மேல் ஆதரவு. வருவாய்த் துறையின் 501-ஆம் வெளியீட்டில் இதற்கான கணக்குத்தாள் உண்டு. 2024-க்கு இந்த வீட்டின் கணக்கு இது: பாட்டியின் அறைக்கு வெளியில் வாடகை மாதம் 800 என்றால் ஆண்டுக்கு 9,600. சொந்த வீடாக இருந்தாலும் இந்த நியாய வாடகையையே எழுத வேண்டும். வீட்டுக் கடன் தவணையை அல்ல. மளிகைச் செலவு 12,000-ஐ ஐந்தால் வகுத்தால் 2,400. மருத்துவக் காப்பீட்டுத் தவணை 6,000. உடை, மருந்து, பயணம் 1,800. மொத்தம் 19,800. இதில் பாட்டி தன் வட்டியிலிருந்து செலவழித்தது 3,000. மீதி 16,800 வீட்டார் கொடுத்தது. நூற்றுக்கு 85 பங்கு. வங்கியில் செலவழியாமல் கிடக்கும் பணம் இந்தக் கணக்கில் வராது, செலவானது மட்டுமே வரும். இது பின்னால் முக்கியமாகப்போகிறது.

மூன்று, குடியிருப்பு. சார்ந்திருப்பவர் அமெரிக்கக் குடிமகனாகவோ, அமெரிக்காவில் வரிக்குரிய குடியிருப்பு உள்ளவராகவோ, கனடாவிலோ மெக்சிகோவிலோ வசிப்பவராகவோ இருக்க வேண்டும். அம்மாவின் பெற்றோர் திருநெல்வேலியில் இருக்கிறார்கள். மாதாமாதம் இவர்கள் அனுப்பும் 200 டாலரில்தான் அவர்கள் வண்டி ஓடுகிறது. ஆனாலும் அவர்கள் வரிக்கணக்கிலும் வரமாட்டார்கள், ஃபாஃப்சா எண்ணிக்கையிலும் வரமாட்டார்கள். யாழ்ப்பாணத்தில் இருக்கும் பெற்றோருக்கும் இதே கதி. பார்வையாளர் விசாவில் ஆறு மாதம் வந்து தங்கும் தாத்தா பாட்டியை எண்ணிக்கையில் சேர்த்துவிடும் பழக்கம் ஒன்று உண்டு. கல்வியாண்டு முடியும்வரை உடன் வாழ்வார் என்று அவரைப் பற்றி உண்மையாகக் கையெழுத்திட முடியாது. பொய்த் தகவலுக்கு 20,000 டாலர் வரை அபராதமும் சிறையும் உண்டு என்று அந்தப் படிவமே எச்சரிக்கிறது.

மூன்று மாதம் இங்கே, மூன்று மாதம் டெக்சாஸில் தம்பி வீட்டில் என்று பாட்டி சுற்றி வரும் குடும்பங்கள் தனி ரகம். இரண்டு வீட்டு மாணவர்களும் ஒருசேர அவரை எண்ணக் கூடாது, ஒரு வீடு மட்டுமே எண்ணலாம். பாதிக்கு மேல் யார் ஏற்கிறார் என்பதை இரு வீட்டாரும் முன்கூட்டியே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். யாருமே பாதியைத் தாண்டாவிட்டால், வரிச் சட்டத்தில் 2120-ஆம் படிவத்தின் வழியே, 10 விழுக்காட்டுக்கு மேல் கொடுக்கும் ஒருவர் மற்றவர்களின் ஒப்புதலுடன் சார்புரிமை கோரலாம். அப்படிக் கோரியவரின் வரிக்கணக்கு ஐந்து என்று காட்டும், ஃபாஃப்சாவின் சொந்த விதியோ பாதிக்கு மேல் கேட்கும். இந்த இடத்தில் தானாக வந்த எண்ணை நம்பி விட்டுவிடாமல் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்வதுதான் புத்தி.

அந்த ஒன்றின் மதிப்பு

மாணவர் உதவிக் குறியீடு, சுருக்கமாக எஸ்.ஏ.ஐ., எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு உதவிக்குத் தகுதி. குடும்ப எண்ணிக்கைக்கு ஏற்ப வருமானத்தில் ஒரு பகுதியைக் கணக்கு தொடாமல் விடுகிறது. சட்டத்தின் மூல அட்டவணையில் நால்வர் குடும்பத்துக்கு 35,870, ஐவருக்கு 42,320. விலைவாசிக்கேற்ப ஆண்டுதோறும் இவை உயர்த்தப்படுகின்றன. நடப்பு அட்டவணையில் தொகைகள் கூடுதலாக இருப்பதால் எஸ்.ஏ.ஐ. இன்னும் குறைவாகவே வரும். நாம் மூல எண்களை வைத்தே போவோம், படிகள் மாறுவதில்லை.

2026-27 படிவம் பார்ப்பது 2024 வருமானத்தை. சரிக்கட்டிய மொத்த வருமானம் 92,000. மகளுக்கு அந்த ஆண்டு முடிவில் 17 வயது ஆகிவிட்டதால் குழந்தைக்கான பெரிய வரிக்கழிவு மகனுக்கு மட்டும். பாட்டிக்கும் 500 டாலர் கழிவு எடுத்தபின் கட்டிய கூட்டரசு வரி 4,072. சமூகப் பாதுகாப்புக்கும் மெடிகேர் எனும் அரசின் முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கும் சம்பளத்தில் பிடித்தம் 7,038. வேலைக்குப் போகும் செலவுக்காக 4,000. கழித்தால் 76,890. இதிலிருந்து ஐவருக்கான 42,320-ஐ எடுத்தால் 34,570. படிப்படியாக ஏறும் விகித அட்டவணையில் இது 40 விழுக்காட்டுப் படியில் விழுந்து எஸ்.ஏ.ஐ. 9,282 ஆகிறது.

பாட்டியை எண்ணாமல் விட்டிருந்தால்? வரி 500 கூடியிருக்கும், தொடாத பகுதி 6,450 குறைந்திருக்கும். எஞ்சுவது 40,520, அது 47 விழுக்காட்டுப் படி, எஸ்.ஏ.ஐ. 12,041. வித்தியாசம் 2,759 டாலர், ஓர் ஆண்டுக்கு மட்டும்.

திருப்பிக் கட்ட வேண்டாத கூட்டரசு உதவியான பெல் மானியத்தில் இந்த ஒன்றுக்கு இன்னொரு வேலையும் உண்டு. எஸ்.ஏ.ஐ. பெரிதாக இருந்தாலும், இரு பெற்றோர் உள்ள வீட்டில் வருமானம் வறுமைக்கோட்டின் 275 விழுக்காட்டுக்குள் இருந்தால் குறைந்தபட்ச பெல் கிடைக்கும். உச்சத்தொகையான 7,395-இல் பத்தில் ஒரு பங்கு, 740. 2024 வறுமைக்கோடு நால்வருக்கு 31,200, ஐவருக்கு 36,580. 275 விழுக்காடு என்றால் முறையே 85,800, 1,00,595. இந்த வீட்டின் 92,000 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பாட்டி எண்ணிக்கையில் இருந்தால் பெல் உண்டு, இல்லாவிட்டால் இந்த வழியில் இல்லை.

பாட்டியின் வருமானத்தை ஃபாஃப்சாவில் எங்கும் எழுத வேண்டியதில்லை என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. அவர் படிவத்தில் தகவல் தருபவர் அல்ல. அவருடைய வட்டியோ, ஓய்வூதியமோ, சொந்தப் பெயரில் உள்ள வீடோ மாணவியின் கணக்கில் ஏறாது. தெரியாமல் எழுதிவிட்டு உதவியை இழந்தவர்கள் உண்டு.

திருச்சி வைப்புத்தொகையில் மகன் பெயர்

ஊரில் வயதானவர்களின் வைப்புத்தொகையில் மகன் பெயரையும் சேர்த்து, இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியிருப்பவர் எடுக்கலாம் என்று எழுதிவைப்பது வழக்கம். ஆத்திர அவசரத்துக்கு உதவும் என்ற நல்லெண்ணம்தான். இந்தப் பாட்டியின் கணக்கும் அப்படியே. ஆனால் கூட்டுப் பெயர் என்றால் ஃபாஃப்சாவின் பார்வையில் கூட்டுச் சொத்து. பங்கு வேறு என்று ஆவணம் சொல்லாதவரை உரிமையாளர் எண்ணிக்கையால் சமமாக வகுக்க வேண்டும். சொத்து எந்த நாட்டில் இருந்தாலும், படிவம் நிரப்பும் நாளின் நாணய மாற்று விகிதத்தில் டாலராக்கி எழுத வேண்டும்.

35 லட்சம் ரூபாய் 40,000 டாலர் என்று வைத்தால் அப்பாவின் பங்கு 20,000. பெற்றோர் சொத்தில் 12 விழுக்காடு, அதாவது 2,400, வருமானத்தோடு சேரும். எஸ்.ஏ.ஐ. 9,282-இலிருந்து 10,373-க்கு ஏறும். வீட்டார் முதல் வரைவில் முழு 40,000-ஐயும் எழுதியிருந்தார்கள், அப்போது 11,501. பாட்டியை எண்ணியதால் கிடைத்த 2,759-இல் 2,219 இந்த ஒரே பிழையில் கரைந்துபோகிறது.

வைப்பு முதிர்ந்து புதுப்பிக்கும்போது பாட்டியின் தனிப் பெயருக்கு மாற்றி, மகனை நாமினியாகப் போட்டால் போதும். நாமினி உரிமையாளர் அல்ல. அமெரிக்க வங்கிக் கணக்காக இருந்தால் கூட்டுப் பெயருக்குப் பதில் பவர் ஆஃப் அட்டர்னி கொடுக்கலாம். பணம் எடுக்கும் அதிகாரம் வரும், சொத்து வராது. சொத்தின் நிலை படிவம் நிரப்பும் நாளில் என்னவோ அதுதான் கணக்கு என்பதால் இந்த மாற்றம் அதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும். பணம் உண்மையில் பாட்டியுடையதாக இருந்தால்தான் இது நேர்மையான வழி. மகன் தன் சேமிப்பைப் போட்டுவைத்திருந்தால் அது மகனுடையதே. இங்கே வைப்பில் இருந்தது நிலம் விற்ற பணம், விற்ற பத்திரம் பாட்டி பெயரில் இருந்தது. கணக்கை மாற்றிவிட்டுத்தான் விண்ணப்பித்தார்கள்.

பேத்தியின் பெயரைக் கணக்கில் சேர்ப்பது இன்னும் மோசம். மாணவரின் சொத்தில் 20 விழுக்காடு நேராக எஸ்.ஏ.ஐ.யில் ஏறும். பாட்டி ஊர் வீட்டை முன்கூட்டியே மகன் பெயருக்கு எழுதிவைத்திருந்தால் அந்த வீடும் மகனின் முதலீட்டுச் சொத்து. தாங்கள் குடியிருக்கும் வீட்டுக்குத்தான் ஃபாஃப்சாவில் விலக்கு. பிரிக்காத பூர்வீகச் சொத்தில் தன் பங்கை மட்டும் எழுதினால் போதும்.

எலும்பு முறிவும் காலக் கணக்கும்

விபத்து 2025-இல். படிவம் பார்ப்பது 2024-ஐ. ஆகவே படிவத்தைப் பொறுத்தவரை இந்த வீட்டில் ஒன்றுமே நடக்கவில்லை.

நடந்தது இது. பாட்டிக்கு மெடிகேர் இல்லை. நிரந்தரக் குடியிருப்பு உரிமையுடன் ஐந்தாண்டு தொடர்ந்து வாழ்ந்தபின்தான் அதைப் பணம் கட்டி வாங்க முடியும், அதாவது 2027 மார்ச். தனியார் காப்பீடு கொடுத்ததுபோக மருத்துவமனைக்குக் கைக்காசு 9,800, உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு 3,200. பத்து வாரம், வாரம் ஐந்து நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், மணிக்கு 28 டாலர் என்று வீட்டுக்கு வந்த உதவியாளருக்கு 5,600. மொத்தம் 18,600. அதற்குமேல் தாங்காமல் ஏப்ரல் நடுவில் அம்மா வேலையை விட்டார். 2025-இல் அவர் ஈட்டியது 6,000 மட்டும்.

இந்தச் செலவைப் பாட்டியின் வைப்புத்தொகையை உடைத்துக் கட்டிவிடலாம் என்று உறவினர் ஒருவர் யோசனை சொன்னார். கேட்க நியாயமாகவே இருக்கும். போட்டுப் பார்த்தால் வேறு மாதிரி. 2024-இன் அதே வாழ்க்கைச் செலவு 19,800-உடன் 18,600 சேர்ந்தால் 38,400. பாட்டியே கொடுத்தால் அவர் பங்கு 3,000-உம் 18,600-உம் சேர்ந்து 21,600. பாதி என்பது 19,200. தன் வாழ்க்கைச் செலவில் பாதிக்கு மேல் அவரே ஏற்றவர் ஆகிவிடுகிறார். 2025 வரிக்கணக்கில் சார்ந்திருப்பவர் தகுதி போகும், அந்த வரிக்கணக்கை எடுக்கும் படிவத்தில் குடும்ப எண்ணிக்கை நான்காக வந்து உட்காரும், மருத்துவச் செலவு பெற்றோருடையது என்று கல்லூரியிடம் சொல்லவும் முடியாது. எந்தக் கணக்கிலிருந்து காசோலை போனது என்பது இவ்வளவு தூரம் இழுக்கும். இங்கே அப்பாவின் கணக்கிலிருந்தும் கடன் அட்டையிலிருந்தும் கட்டியிருந்தார்கள், ரசீதுகளும் இருந்தன. கடன் அட்டை வட்டியைத் தாங்க முடியாத வீட்டுக்கு இந்த வழி பொருந்தாது. பாட்டியின் பணத்தை எடுத்தே ஆக வேண்டுமென்றால் எடுத்துவிட்டு, அந்தப் படிவத்தில் வரும் நான்கை நேர்மையாக ஏற்க வேண்டியதுதான்.

அலுவலகத்துக்குப் போன கடிதம்

உயர்கல்விச் சட்டத்தின் 479ஏ பிரிவு, சிறப்புச் சூழ்நிலை உள்ள மாணவரின் தரவுகளைத் தனித்தனியாகப் பரிசீலித்து மாற்றும் அதிகாரத்தைக் கல்லூரியின் நிதியுதவி அலுவலருக்குத் தருகிறது. காப்பீடு ஏற்காத மருத்துவ, முதியோர் இல்லச் செலவுகளைச் சட்டமே எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. இத்தகைய கோரிக்கை எதையும் ஏற்கமாட்டோம் என்று ஒரு கல்லூரி ஒட்டுமொத்தக் கொள்கை வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் அலுவலர் ஆராய்ந்து எடுத்த முடிவே இறுதி, கல்வித் துறையிடம் மேல்முறையீடு கிடையாது. ஒரு கல்லூரி ஏற்றால் மற்றது ஏற்க வேண்டும் என்பதும் இல்லை. ஐந்து கல்லூரி என்றால் ஐந்து கோரிக்கை.

பெரும்பாலான கடிதங்கள் வீணாவது பாசத்தால். நான்கு பக்கம் பாட்டியின் வரலாறு இருக்கும், மொத்தத் தொகை எங்கும் இருக்காது. அலுவலருக்குத் தேவை ஒரு பக்கம்: என்ன நடந்தது, எந்தத் தேதியில், காப்பீடு எவ்வளவு கொடுத்தது, நாங்கள் எவ்வளவு கட்டினோம், எந்த வருமானம் நின்றது. பின்னிணைப்பாக மருத்துவமனை விலைச்சீட்டுகள், காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய தீர்வு விவரம், கட்டியதற்கான வங்கி, அட்டைப் பதிவுகள், உதவியாளர் ரசீதுகள், அம்மாவின் பணி விலகல் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு. விலைச்சீட்டு மட்டும் இருந்து கட்டிய சான்று இல்லாவிட்டால் அந்தத் தொகை பெரும்பாலும் கழிக்கப்படாது. அம்மா தானாக வேலையை விட்டதுதான் இந்தக் கோப்பின் பலவீனம். விருப்ப விலகலை வேலையிழப்பாக எடுத்துக்கொள்ளத் தயங்கும் அலுவலகங்கள் உண்டு. நோயாளிக்குப் பகலில் ஆள் துணை தேவை, இத்தனை மாதம் என்று மருத்துவர் எழுதித் தந்த இரண்டு வரி அங்கேதான் கைகொடுக்கும்.

18,600-உம் அப்படியே கழியாது. தொடாமல் விடும் வருமானப் பகுதியில் 11 விழுக்காடு வழக்கமான மருத்துவச் செலவுக்கு என்று கொள்ளலாம் என அலுவலர்களுக்கான கையேடு சொல்கிறது. 42,320-இல் அது 4,655. அதற்கு மேற்பட்ட 13,945-தான் சிறப்புச் செலவு.

வருமான இழப்பு, மருத்துவச் செலவு இரண்டையும் ஏற்றால்: வருமானம் 77,000, 2024 வரி விதிகளையே வைத்துப் போட்ட வரி 2,272, பிடித்தம் 5,890, வேலைச் செலவு 4,000, குடும்பப் பகுதி 42,320 போக 22,518. வருமான இழப்பை மட்டும் ஏற்கும் அலுவலகத்தில் எஸ்.ஏ.ஐ. 5,136-இல் நிற்கும். மருத்துவச் செலவையும் கழித்தால் எஞ்சுவது 8,573, அதில் 22 விழுக்காடு 1,886. பெல் 740-இலிருந்து 5,500 அளவுக்கு எழும். முதல் ஆண்டு மாணவருக்கான 3,500 டாலர் வட்டிச் சலுகைக் கடனுக்கும் இடம் பிறக்கும்.

திருநெல்வேலிக்கு அனுப்பும் 200 டாலரையும் அதே கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்த்து, ஓராண்டுக்கான அனுப்பீட்டு ரசீதுகளை இணைத்தார்கள். இதைக் கழிக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. தடுக்கவும் விதி இல்லை. தனியார் கல்லூரிகள் சில கேட்கும் சிஎஸ்எஸ் புரொஃபைல் விண்ணப்பத்தில் இத்தகைய செலவுகளை விளக்க இடம் உண்டு. அங்கே மருத்துவச் செலவை நேரடியாகவே கேட்பார்கள். ஆனால் குடியிருக்கும் வீட்டின் மதிப்பையும் கேட்பார்கள். முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்தடுத்து 16 கட்டணம். வருமானம் 1,00,000 வரை உள்ளவர்களுக்கு இலவசம், இந்த வீட்டுக்கும் அப்படியே.

ஏற்கப்பட்ட மாற்றம் ஓராண்டுக்குத்தான். 2027-28 படிவம் 2025 வருமானத்தை எடுக்கும் என்பதால் அம்மாவின் சம்பளக் குறைவு தானாகவே அதில் தெரிந்துவிடும். மருத்துவச் செலவு தெரியாது. 2026-இலும் சிகிச்சை தொடர்ந்தால் ரசீதுகளைத் தனி உறையில் போட்டு, புதிய கடிதத்தை அடுத்த ஆண்டும் எழுத வேண்டும்.